கையெழுத்துப் போடாத ஆன்லைன் கடன் நம்மைக் கட்டுமா? எல்லையோரத் தமிழர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"நான் எங்கீங்க கையெழுத்துப் போட்டேன்? போனுக்கு வந்த நம்பரைத்தானுங்க அமுக்குனேன்."

எருத்தேம்பதிப் பக்கம் நாலு மாடு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றும் அக்கா ஒருவர், வக்கீல் நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது இது. தீவனச் செலவுக்காகப் போனிலேயே 20,000 ரூபாய் கடன் எடுத்திருக்கிறார். நாலு தவணை கட்டினார். அப்புறம் மாடு ஒன்று சீக்கில் விழுந்தது, தவணை நின்றது. நோட்டீஸ் வந்ததும் தெரிந்தவர் ஒருவர், "பேப்பர்ல கையெழுத்து இல்லீன்னா கோர்ட்டுல நிக்காதுங்க்கா, பேசாம இருங்க" என்று தைரியம் சொல்லியிருக்கிறார். அதை நம்பி ஐந்து மாதம் அக்கா ஒரு பதிலும் போடவில்லை.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் கோர்ட்டில் நான் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று இந்தப் பக்கத்து ஊர்களில் பிரோநோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டுத்தான் கடன் வாங்கிப் பழக்கம். வெற்றுப் பேப்பரில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் 'பிளேடு' என்கிற கந்துவட்டிக்காரர்களிடம் பட்ட பாடும் நிறைய உண்டு. அதனால் கையெழுத்துதான் கடனுக்கு உயிர் என்று மனதில் பதிந்துவிட்டது. ஆன்லைன் கடனுக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது.

நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். கட்டும். பேனாவால் கையெழுத்துப் போடவில்லை என்ற ஒரே காரணத்தால் ஆன்லைன் கடன் ஒப்பந்தம் செல்லாமல் போகாது. ஆனால் உங்களைக் கட்டுகிற அதே மின் ஆவணம் கடன் கொடுத்தவரையும் கட்டும். இந்த இரண்டாவது பாதியை யாரும் நமக்கு எடுத்துச் சொல்வதில்லை. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

படி 1: சட்டம் எதைக் கேட்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு ஒப்பந்தத்துக்குச் சில விஷயங்களைத்தான் கேட்கிறது: இரு தரப்பும் தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும், சம்மதம் சுயமானதாக இருக்க வேண்டும், கொடுக்கல் வாங்கலும் நோக்கமும் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து இருக்க வேண்டும் என்பதெல்லாம் வேறு ஏதாவது சட்டம் தனியாகக் கேட்டால்தான். வாய்ச்சொல் கடன்கூடக் கடன்தான்; நிரூபிப்பதுதான் கஷ்டம்.

2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 10ஏ என்ற பிரிவை 2008 திருத்தத்தின் மூலம் சேர்த்தார்கள். 2009 அக்டோபர் 27 முதல் நடப்பில் இருக்கிறது. மின்வழியில் உருவானது என்ற காரணம் ஒன்றை மட்டும் வைத்து ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது என்று சொல்ல முடியாது என்பது அதன் சாரம். 2010-ல் டிரைமெக்ஸ் – வேதாந்தா வழக்கில், முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகாவிட்டாலும் மின்னஞ்சலில் முடிவான பேச்சே ஒப்பந்தம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கோடிக்கணக்கான ரூபாய்ச் சரக்கு வியாபாரத்துக்கே அதுதான் நிலை என்றால் நம் 20,000 ரூபாய்க் கடனுக்கு வேறு நிலை இருக்காது.

படி 2: நீங்கள் எந்த வகையில் சம்மதம் கொடுத்தீர்கள் என்று பாருங்கள்

எல்லா ஆன்லைன் சம்மதமும் ஒரே பலம் கொண்டவை கிடையாது.

முதல் வகை, கட்டத்தில் டிக் போட்டு, 'ஒப்புக்கொள்கிறேன்' பட்டனை அமுக்கி, போனுக்கு வந்த ஓடிபியைப் போடுவது. ஒப்பந்தம் செல்லும். ஆனால் சட்டம் வரையறுத்த மின் கையொப்பம் இதில் இல்லை. நீங்கள் மறுத்தால், எந்த நேரத்தில், எந்தப் போனிலிருந்து, எந்த எண்ணுக்குப் போன ஓடிபியால் சம்மதம் வந்தது என்ற பதிவுகளை எல்லாம் எடுத்து வைத்து நிறுவனம்தான் நிரூபிக்க வேண்டும். கடன் தொகை உங்கள் கணக்கில் விழுந்ததும், நீங்கள் சில தவணை கட்டியதும் அவர்களுக்குப் பெரிய சாட்சி. அக்காவின் நாலு தவணை அப்படித்தான் அவருக்கு எதிராக நின்றது.

இரண்டாவது, ஆதார் இ-சைன். ஆதாரோடு இணைத்த எண்ணுக்கு ஓடிபி வரும். அதைப் போட்டதும் அரசு உரிமம் பெற்ற சான்றளிக்கும் நிறுவனம் ஒன்று உங்கள் பெயரில் குறுகிய நேரத்துக்கு ஒரு மின் சான்றிதழ் உண்டாக்கி ஆவணத்தில் பதிக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி இது கைக் கையெழுத்துக்குச் சமம். பிடிஎஃப் கோப்பின் கடைசிப் பக்கத்தில் உங்கள் பெயர், தேதி, நேரத்தோடு ஒரு சின்னக் கட்டம் இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. எங்கள் பக்கம் இதில் ஒரு சொல் குழப்பம் வேறு உண்டு. கேரளத்தில் 'ஆதாரம்' என்றால் நிலப் பத்திரம். "ஆதார் சைன்" என்று அந்தப் பக்கம் சொல்ல, நிலப் பத்திரத்தை அடமானம் வைத்துவிட்டோமோ என்று பயந்து ஓடி வந்த பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். இ-சைன் போட்டதால் நிலம் அடமானம் ஆகாது.

மூன்றாவது, திரையில் விரலால் கிறுக்குவது. நான்காவது, யூஎஸ்பியில் வரும் டிஜிட்டல் கையொப்பம். கிறுக்கல், சம்மதத்துக்கு ஒரு துணைச் சாட்சி மட்டுமே. யூஎஸ்பி விவகாரம் பெரும்பாலும் கம்பெனிகளுக்கும் வியாபாரிகளுக்கும்தான்.

மின்வழியில் செல்லாதவையும் உண்டு. உயில் அதில் ஒன்று. பிரோநோட்டும் அப்படித்தான்: 2022-ல் வந்த மாற்றத்தின்படி ரிசர்வ் வங்கி போன்ற அமைப்புகளின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுக்கும் பிரோநோட்டு மட்டும் மின் வடிவில் செல்லும். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வாட்ஸப்பில் அனுப்பிய 'பிரோநோட்டு' பிரோநோட்டு ஆகாது. ஆனால் கடன் வாங்கினீர்கள் என்பதற்கு அந்த மெசேஜே சாட்சியாகிவிடும்.

படி 3: கடன் கொடுத்தது யார் என்று கண்டுபிடியுங்கள்

ஆப்பின் பெயர் வேறு, கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் வேறு. ஆப் பெரும்பாலும் தரகர்தான். பின்னால் ஒரு வங்கியோ, ரிசர்வ் வங்கியில் பதிவு பெற்ற நிதி நிறுவனமோ இருக்க வேண்டும். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் கடன் கொடுப்பவர் என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். 2025 ஜூலையிலிருந்து ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் டிஜிட்டல் கடன் ஆப்களின் பட்டியலை வைத்திருக்கிறது. நிறுவனங்கள் தாங்களே கொடுத்த விவரம் அது, நற்சான்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் பட்டியலிலேயே இல்லாத ஆப் என்றால் உடனே உஷாராக வேண்டும்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதும் பெரிய துப்பு. விதிப்படி கடன் தொகை நிறுவனத்தின் கணக்கிலிருந்து நேராக உங்கள் கணக்குக்கு வர வேண்டும். திருப்பிக் கட்டுவதும் நேராக நிறுவனத்துக்கே போக வேண்டும். ஆப்காரரின் கணக்கு, யாரோ ஒரு தனியாளின் யுபிஐ என்று நடுவில் ஒன்று வந்தால் அது முறையான கடன் இல்லை.

கேரளத்துக்காரர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு வாதம் இருக்கிறது: "1958 வட்டிக்கடைச் சட்டப்படி இவனுக்குக் கேரள லைசென்ஸ் இல்லையே." அது உள்ளூர் வட்டிக்கடைக்காரரிடம் எடுபடும். ரிசர்வ் வங்கியில் பதிவான நிதி நிறுவனங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2022 மே மாதம் நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது.

பதிவே இல்லாத ஆப் என்றால் வாங்கிய பணம் சும்மா ஆகிவிடுமா? ஆகாது. ஒப்பந்தம் செல்லாது என்று பின்னால் தெரியவந்தாலும், அதில் பெற்ற பலனைத் திருப்பித் தரச் சொல்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 65-ஆம் பிரிவு. உங்கள் கைக்கு வந்த தொகை ஒன்று, அவர்கள் மிரட்டிக் கேட்கும் தொகை வேறொன்று. முதலாவதைத் தாண்டி ஒரு ரூபாய் கொடுக்கும் முன்பும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் பேசுங்கள்.

படி 4: உங்களுக்குச் சேர வேண்டிய காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

டிஜிட்டல் கடன் பற்றி ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட விதிகளும், 2025 மே 8-ல் அவற்றைத் தொகுத்து வெளியிட்டவையும் ஒன்றைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஒப்பந்தம் முடிந்த உடனே, நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், டிஜிட்டல் கையொப்பம் இட்ட ஆவணங்கள் உங்கள் மின்னஞ்சலுக்கோ எஸ்எம்எஸ்ஸுக்கோ தானாகவே வந்து சேர வேண்டும். முக்கிய விவர அறிக்கை, கடன் அனுமதிக் கடிதம், நிபந்தனைகள், கணக்கு விவரம், எல்லாமே. கவனியுங்கள், உங்களிடம் பேனாக் கையெழுத்து கேட்காத அதே முறையில், நிறுவனம் தன் கையொப்பத்தை இட்டுத் தர வேண்டும்.

அந்த 'முக்கிய விவர அறிக்கை'தான் நம் ஆயுதம். நிதி நிறுவனங்களில் 'கேஎஃப்எஸ்' என்பார்கள். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் தரும் புதிய தவணைக் கடன்கள் எல்லாவற்றுக்கும் இது உண்டு. ஆண்டு மொத்தச் செலவு விகிதம், அதாவது வட்டியோடு எல்லாக் கட்டணமும் சேர்ந்து வருடத்துக்கு எத்தனை சதவீதம் என்பது, அதில் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். அதில் எழுதாத எந்தக் கட்டணத்தையும் உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கடன் முடியும்வரை எப்போதும் வசூலிக்க முடியாது. அக்காவின் நோட்டீஸில் 'வசூல் சேவைக் கட்டணம்', 'நேரில் வந்த செலவு' என்று இரண்டு வரி இருந்தது. அறிக்கையில் அந்த இரண்டும் இல்லை. எழுதிக் கேட்டதும் நிறுவனம் அவற்றை நீக்கியது. கையெழுத்து இல்லை என்று வாதாடியிருந்தால் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது.

நம்மைப் போன்றவர்களுக்கு இன்னும் முக்கியமானது மொழி. கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அந்த அறிக்கை இருக்க வேண்டும், அதை விளக்கிச் சொல்ல வேண்டும், புரிந்தது என்று ஒப்புதலும் பெற வேண்டும் என்பது விதி. பாலக்காடு முகவரியைப் பார்த்ததும் ஆப் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ அனுப்பிவிடுகிறது. கடைவீதியில் மலையாளம் பொழிந்து தள்ளும் நம் ஆட்களில் பலருக்கு அந்த எழுத்து படிக்க வராது. பட்டனை அமுக்கும் முன்பே, "எனக்குத் தமிழில் அறிக்கை வேண்டும்" என்று ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள். ஏழு நாளோ அதற்கு மேலோ தவணைக்காலம் உள்ள கடனுக்கு அறிக்கை கொடுத்த பின் குறைந்தது மூன்று வேலை நாள் அந்த நிபந்தனைகள் மாறாமல் நிற்க வேண்டும். இப்போதே அமுக்கினால்தான் உண்டு என்று அவசரப்படுத்தினால், அவசரம் அவர்களுடையது. மொழி புரியவில்லை என்பதால் கடனே ரத்தாகிவிடும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். புகாரில் அது பலமான புள்ளி, அவ்வளவுதான்.

வந்த ஆவணங்களை உடனே வேறொரு இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். அக்ஷயா இ-சேவை மையத்தில் பிரிண்ட் எடுத்தாலும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். பிரிண்டில் டிஜிட்டல் கையொப்பத்தைச் சோதிக்க முடியாது.

படி 5: மனம் மாறினால் முதல் நாட்களிலேயே வெளியே வந்துவிடுங்கள்

டிஜிட்டல் கடனில் திரும்பிப் போக ஓர் அவகாசம் உண்டு. குறைந்தது ஒரு நாள்; எத்தனை நாள் என்பது அறிக்கையில் இருக்கும். அதற்குள் அசலையும், அந்த நாட்களுக்கான விகிதாசாரச் செலவையும் கட்டினால் அபராதம் இல்லாமல் முடித்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 36 சதவீதக் கடனில் 20,000 ரூபாயை இரண்டு நாளில் திருப்பினால் அந்தச் செலவு 40 ரூபாய்க்குள் அடங்கும். முன்பே அறிக்கையில் சொல்லியிருந்தால் நியாயமான பரிசீலனைக் கட்டணத்தை மட்டும் அவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

அதே சமயம் ஆப் என்னென்ன அனுமதி கேட்டது என்றும் பாருங்கள். தொடர்பு எண்கள், போட்டோ கேலரி, கால் விவரம் எதையும் தொட விதியில் இடமில்லை. கேமரா, மைக், இருப்பிடம் ஆகியவற்றை மட்டும் அடையாளச் சரிபார்ப்புக்காக, உங்கள் சம்மதத்தோடு, ஒருமுறை பயன்படுத்தலாம்.

படி 6: ஒப்பந்தம் உண்மையிலேயே உடையும் இடங்கள்

பதினெட்டு வயது ஆகாத பையன் அப்பாவின் போனை எடுத்துக் கடன் வாங்கினால் அந்த ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. 1903-ல் மொஹரி பீபி வழக்கில், வெள்ளைக்காரர் காலத்துக் கடைசி அப்பீல் மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது இன்றும் அப்படியே நிற்கிறது.

உங்கள் ஆதாரையும் சிம்மையும் வைத்து வேறு யாராவது கடன் எடுத்திருந்தால் அங்கே உங்கள் சம்மதமே இல்லை. எங்கள் பக்கத்தில் இதற்கு வழி நிறைய: பொள்ளாச்சியில் வாங்கிய பழைய சிம், அதை மருமகன் வைத்திருப்பார், ஆதார் அதோடு இணைந்திருக்கும். தெரிந்த அன்றே நிறுவனத்துக்கு எழுத்தில் மறுப்பு அனுப்புங்கள். 1930-ல் புகார் செய்து எண் வாங்குங்கள். ஆதாரின் கைரேகைப் பூட்டைப் போடுங்கள். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனத்திடமும் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். அடையாளத் திருட்டுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி பிரிவில் மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. ஆனால் நீங்களே ஓடிபியைச் சொல்லிவிட்டு, பணமும் உங்கள் கணக்கில் விழுந்து, செலவும் செய்திருந்தால் இந்த வாதத்தை எடுக்காதீர்கள். உண்மையாக ஏமாந்தவர்களின் புகாருக்கும் அதனால் மதிப்புக் குறைகிறது.

முத்திரைத்தாள் குறை பற்றியும் கேட்பார்கள். கடன் ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்ட வேண்டும். கட்டாத ஆவணத்தைக் கோர்ட் சாட்சியாக ஏற்காது. ஆனால் வரியையும் அபராதத்தையும் கட்டி அதைச் சரிசெய்துவிடலாம். சென்னையில் எடுத்த ஸ்டாம்ப் கேரளத்தில் செல்லாது என்று காத்திருந்தால் காலம்தான் போகும்.

படி 7: நோட்டீஸ் வந்தால்

பதில் போடுங்கள். கடனை முழுதாக மறுக்க வேண்டாம். எவ்வளவு வாங்கினீர்கள், எவ்வளவு கட்டினீர்கள், எந்தக் கட்டணம் அறிக்கையில் இல்லை என்று எழுதுங்கள். பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். 2024 ஏப்ரலுக்குப் பிறகு தவணை தவறியதற்கு அபராத வட்டி போட்டு அதை அசலோடு சேர்க்க முடியாது. நியாயமான அபராதக் கட்டணம்தான். நோட்டீஸில் அதைச் சரிபாருங்கள்.

வழக்கு என்று போனால் நிறுவனம் கொண்டுவரும் கம்ப்யூட்டர் பிரிண்டுக்குச் சான்றிதழ் வேண்டும். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பும் அதில் வர வேண்டும். இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்ன வழக்கு நம் பக்கத்து மாவட்டமான மலப்புறத்தின் ஏறநாடு தொகுதித் தேர்தலில் கிளம்பியது. இதே விதி உங்கள் ஸ்கிரீன்ஷாட்டுக்கும் உண்டு. அதனால் பழைய போனை விற்றுவிடாதீர்கள்.

சில நிறுவனங்கள் கோர்ட்டுக்குப் போகாமல் சென்னையிலோ மும்பையிலோ ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் விசாரணை, நடத்தும். வழக்கில் அக்கறை உள்ள ஒரு தரப்பு தானாகவே ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று 2019-ல் பெர்க்கின்ஸ் ஈஸ்ட்மேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த ஆட்சேபத்தை முதல் கடிதத்திலேயே எழுத்தில் வையுங்கள். தீர்ப்பே வந்துவிட்டால் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எதிர்க்க வேண்டும்.

ஆட்டோ டெபிட் பற்றி ஒரு எச்சரிக்கை. செக் திரும்பினால் கேஸ் என்பது எல்லோருக்கும் தெரியும். பணம் இல்லாமல் இ-மேண்டேட் (தவணையைக் கணக்கிலிருந்து தானாக எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதி) திரும்பினாலும், பணம் செலுத்தல் மற்றும் தீர்வு முறைகள் சட்டம் 2007-ன் 25-ஆம் பிரிவில் இரண்டு ஆண்டுவரை சிறையோ இரு மடங்கு அபராதமோ வரலாம். முதலில் நோட்டீஸ் வரும், கட்ட 15 நாள் கிடைக்கும். அந்த 15 நாளை விட்டுவிடக் கூடாது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் சட்ட உதவி எண்ணான 15100-க்குப் பேசுங்கள். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. தாலுகா அளவிலேயே சட்டப் பணிக் குழு இருக்கிறது.

படி 8: புகார், எந்த வரிசையில்

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு; பெயரும் எண்ணும் முக்கிய விவர அறிக்கையிலேயே இருக்க வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனிடம், சிஎம்எஸ் என்ற அதன் புகார்த் தளம் வழியாக. கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ரிசர்வ் வங்கியின் உதவி எண்ணான 14448-ல் தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். பதிவில்லாத ஆப் என்றால் ரிசர்வ் வங்கியின் சச்சேத் என்ற புகார்த் தளத்தில் சொல்லுங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பிறகோ கூப்பிட்டால், சொந்தக்காரர்களுக்குப் போன் செய்து அவமானப்படுத்தினால், தேதி, நேரம், எண் குறித்து வைத்துப் புகாரோடு சேருங்கள். மிரட்டல் என்றால் போலீஸ்.

கேரள அரசு அலுவலகத்துக்கு எழுத மலையாளம் தெரியவில்லையே என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவித்த இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் பெறலாம் என்று இருக்கிறது. தமிழில் எழுதுங்கள். நாம் எழுதாமல் விட்டால் அந்த உரிமை ஏட்டில் மட்டும்தான் இருக்கும்.

படி 9: கடனை முடிக்கும்போது

கடைசித் தவணை கட்டியதும் 'பாக்கி இல்லை' என்ற கடிதத்தை நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பத்தோடு வாங்குங்கள். வங்கிக்குப் போய் அந்த இ-மேண்டேட்டை ரத்து செய்யுங்கள். ஆப்பை அழித்தால் மேண்டேட் அழியாது. ஒன்றிரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்து, 'முடிந்தது' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அக்கா போன மாதம் முடித்தார். கடிதம் இன்னும் வரவில்லை, வியாழக்கிழமை நினைவூட்டல் அனுப்பியிருக்கிறோம்.